வீட்டுக்கு இசைந்த சைக்கிள்: அடுகோடிச் சூழலில் கருவித் தேர்வும் பராமரிப்பும்

சைக்கிள் வாங்க முற்படுவோர் பெரும்பாலும் சாலையை மட்டுமே மனத்தில் வைத்துக் கடைக்குச் செல்கின்றனர். எவ்வளவு வேகம் போகும், எந்த மேட்டில் ஏறும், எத்தனை கியர் உள்ளது என்பவையே அங்குக் கேட்கப்படும் கேள்விகளாக உள்ளன. ஆயினும், நாள்தோறும் ஓட்டுபவரிடத்தும் சைக்கிள் சாலையில் இருப்பது ஒன்றிரண்டு மணி நேரமே. எஞ்சிய நேரமெல்லாம் அது வீட்டில் நிற்கிறது. மாடிப்படியின் அகலம், வாடகை ஒப்பந்தத்தின் விதிகள், சமையலறையின் எண்ணெய்ப் புகை, வீட்டாரின் காலை வேலைகள், மாதச் செலவு ஆகியவை ஒரு சைக்கிளைத் தொடர்ந்து ஓட வைக்கவும், ஓர் ஆண்டிற்குள் மூலையில் சாய்த்துத் துணி காயப்போடும் கம்பியாக்கவும் வல்லவை. எனவே, கருவித் தேர்வை வீட்டிலிருந்து தொடங்கிச் சாலைக்குச் செல்லும் வரிசையில் இவ்வத்தியாயம் விளக்குகிறது.

1. இடத்தின் இயல்பு

அடுகோடி, பெங்களூரின் தென்கிழக்கில் ஓசூர் சாலையை ஒட்டி, வில்சன் கார்டன், லக்கசந்திரா, கோரமங்களா ஆகிய பகுதிகளுக்கிடையே அமைந்துள்ளது. 1951இல் நிறுவப்பட்டு, ‘மைக்கோ’ என்றே மக்களால் அழைக்கப்பட்டு, 2008இல் பாஷ் லிமிடெட் எனப் பெயர் மாற்றம் பெற்ற நிறுவனத்தின் வளாகம் இப்பகுதியின் அடையாளமாக விளங்குகிறது. தொழிற்கூடமாக இருந்த அவ்வளாகம் 2022இல் தொழில்நுட்ப வளாகமாகப் புதுவடிவம் பெற்றுத் திறக்கப்பட்டது. அதைச் சூழ்ந்த தெருக்களில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது பேசும் குடும்பங்கள் நெருக்கமான மாடி வீடுகளில் வாழ்கின்றன.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூர், மேடுகளும் பள்ளத்தாக்குகளும் மாறி மாறி வரும் நிலப்பரப்பைக் கொண்டது. அடுகோடி சார்ந்த பகுதியின் மழைநீர் கோரமங்களா–செல்லகட்டா பள்ளத்தாக்கின் வழியே பெள்ளந்தூர் ஏரியை அடைகிறது. இதனால் இங்கு நீண்ட மலை ஏற்றம் இல்லை. ஆனால், வடிகால் வாய்க்காலை நோக்கி இறங்கி, மறுபுறம் மீண்டும் ஏறும் குறுகிய சரிவுகள் அடிக்கடி எதிர்ப்படுகின்றன. அவற்றோடு டெய்ரி சர்க்கிள், மடிவாளா, சில்க் போர்டு ஆகிய சந்திப்புகளின் நெரிசலும் சேர்வதால், ஓட்டுபவர் விரைந்து செல்வதைவிட நின்று நின்று புறப்படுவதையே மிகுதியாகச் செய்ய நேர்கிறது. இந்த நிலை கியர் தேர்வில் எவ்வாறு எதிரொலிக்கிறது என்பது மூன்றாம் பகுதியில் விளக்கப்படும்.

2. வீட்டில் சைக்கிளுக்கு உரிய இடம்

பெங்களூரில் மனைகள் 20×30, 30×40 என அடிக்கணக்கில் குறிக்கப்படுகின்றன. அத்தகைய சிறு மனைகளில் எழுப்பப்பட்ட மாடி வீடுகளின் தரைத்தளத்தில் இருசக்கர வாகனங்களும், நிலத்தடி நீர்த்தொட்டியாகிய சம்ப்பும், மின் மீட்டர்களும் இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. தரைத்தளத்தில் சைக்கிளை நிறுத்துவதாயின் சம்ப்பின் மூடியையும் மீட்டர் பலகையையும் மறைக்காமல் நிறுத்துதல் வேண்டும். தண்ணீர் லாரி வரும் நாளில் பூட்டிய சைக்கிளொன்று மூடியின்மேல் நின்றால் அக்கட்டடம் முழுவதற்கும் இடையூறாகும்.

மாடிக்குக் கொண்டுசெல்வதாயின் எடையும் ஹேண்டில் பாரின் அகலமும் முதன்மை பெறுகின்றன. பழைய வகைக் கறுப்புச் சைக்கிள் 20 கிலோ அளவுக்கு எடையுள்ளது. நகரச் சாலைக்கும் மண் பாதைக்கும் பொதுவாக வடிவமைக்கப்படும் ஹைபிரிட் சைக்கிள் பொதுவாக 13 முதல் 15 கிலோ வரையிலும், மெல்லிய டயரும் வளைந்த ஹேண்டிலும் கொண்ட ரோடு சைக்கிள் 8 முதல் 11 கிலோ வரையிலும் இருக்கும். மலைப்பாதைச் சைக்கிளின் ஹேண்டில் 720 மில்லிமீட்டருக்கு மேலும் அகலமாக இருப்பதால், மூன்றடி அகலமுள்ள படிக்கட்டின் திருப்பத்தில் அதைத் திருப்புவது கடினம்; ஹைபிரிட்டின் 620 முதல் 680 மில்லிமீட்டர் ஹேண்டில் ஓரளவு எளிதாகத் திரும்பும். ஆகவே, கடைக்குச் செல்வதற்கு முன்பே படிக்கட்டின் அகலத்தையும், கதவின் திறப்பையும், சைக்கிள் நிற்கப்போகும் சுவரின் நீளத்தையும் அளந்து குறித்துக்கொள்வது நன்று. பெரியவர்களுக்கான சைக்கிள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஆறடி நீளமுள்ள சுவர் தேவைப்படும்.

சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடும் கொக்கி இடத்தை மிச்சப்படுத்துவது உண்மையே. ஆயினும் பெங்களூர் வாடகை வழக்கத்தில் இதற்கொரு தடை உண்டு. பல மாத வாடகைக்கு ஈடான தொகை, மரபாகப் பத்து மாத வாடகை, முன்பணமாகப் பெறப்படுகிறது. வீட்டைக் காலி செய்யும்போது சுவர்த் துளைக்கும் வண்ணப்பூச்சுக்குமான செலவு அதிலிருந்து கழிக்கப்படுகிறது. டயரின் கறுப்புத் தடமும் வெள்ளைச் சுவரில் எளிதில் அழியாது. எனவே, வாடகை வீட்டில் தரைக்கும் கூரைக்கும் இடையே அழுத்தத்தால் நிற்கும் கம்பத்தையோ, பின்சக்கரத்தைத் தாங்கும் தரை ஸ்டாண்டையோ பயன்படுத்துவது ஏற்றது. சக்கரம் படும் இடத்தில் பழைய காலண்டர் அட்டையை ஒட்டிவைத்தால் சுவரும் காக்கப்படும்.

சமையலறைக்கு அருகில் சைக்கிளை நிறுத்துவதைத் தவிர்க்கவும் ஒரு காரணம் உண்டு. டிஸ்க் பிரேக் என்பது சக்கரத்தின் நடுவிலுள்ள உலோகத் தகட்டை இரு கட்டைகள் இறுகப் பற்றுவதால் இயங்கும் அமைப்பு. அத்தகட்டில் எண்ணெய்ப் படலம் படிந்தால் பிடிப்பு குறைந்து கீச்சொலி எழும். தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகையும், செயினுக்கு எண்ணெய் விடும்போது தெறிக்கும் துளியும் இப்படலத்திற்குக் காரணமாகலாம் என்பதால், தகட்டைக் கையால் தொடாமலும், வேலை செய்யும்போது துணியால் மூடியும் வைத்தல் வேண்டும்.

3. கியர்: எண்ணிக்கையும் பயனும்

பெடலை ஒருமுறை முழுதாகச் சுற்றினால் சைக்கிள் முன்னேறும் தூரமே ஒரு கியரின் உண்மையான அளவாகும். முன்பல்சக்கரத்தின் பற்களைப் பின்பல்சக்கரத்தின் பற்களால் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால் இத்தூரம் கிடைக்கும். முன்னால் 44 பற்களும் பின்னால் 18 பற்களும் உடைய கியரற்ற கறுப்புச் சைக்கிளில், சக்கரச் சுற்றளவை 2.24 மீட்டர் எனக் கொண்டால், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5.5 மீட்டர் கிடைக்கும். நிமிடத்திற்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் எட்டப்படும். சமதளத்திற்கு இது நல்ல அளவு. ஆனால், சிக்னலில் ஒவ்வொரு முறையும் நின்று புறப்படும்போதும், காய்கறிப் பையுடன் சரிவில் ஏறும்போதும் முழங்காலுக்குச் சுமையாகும்.

கடைகளில் ‘21 கியர்’ என விற்கப்படும் ஹைபிரிட் வகையில் பொதுவாக முன்னால் 48, 38, 28 பற்களுடைய மூன்று சக்கரங்களும், பின்னால் 14 முதல் 28 பற்கள் வரையுள்ள ஏழு சக்கரங்களும் இருக்கும். இவ்வெண்ணிக்கை முழுவதும் தனித்தனிக் கியர்கள் அல்ல. முன் 48 – பின் 24 தரும் விகிதமும், முன் 28 – பின் 14 தரும் விகிதமும் இரண்டே. அஃதாவது இரு வேறு நிலைகளில் கால் உணர்வது ஒரே பளுவைத்தான். மேலும், முன்னுள்ள பெரிய சக்கரத்தோடு பின்னுள்ள மிகப் பெரிய சக்கரத்தையோ, முன்னுள்ள சிறிய சக்கரத்தோடு பின்னுள்ள மிகச் சிறிய சக்கரத்தையோ இணைத்தால் செயின் குறுக்காக இழுபட்டு விரைவில் தேயும். ஒத்த விகிதங்களையும் குறுக்கு இழுப்பையும் நீக்கிப் பார்த்தால் உண்மையில் பயன்படுபவை 21இல் ஏறக்குறைய பாதியே.

நகரப் பயன்பாட்டிற்கு முன்னால் 38 பற்களுடைய ஒரே சக்கரமும், பின்னால் 11 முதல் 34 பற்கள் வரையுள்ள அடுக்கும் கொண்ட அமைப்பு போதுமானது. 2.15 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரத்தில் இது ஒரு சுற்றுக்கு 2.4 மீட்டரிலிருந்து 7.4 மீட்டர் வரை தருகிறது. மூன்று முன்சக்கரங்கள் கொண்ட 21 கியர் அமைப்பு தருவதும் 2.15 முதல் 7.4 மீட்டர் வரையே. இழப்பு சிறிது; முன்பக்கத்துக் கேபிளும், அதன் சீரமைப்பும், சுத்தம் செய்ய வேண்டிய இரு சக்கரங்களும் குறைவது பெரிய ஆதாயம். அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொடர்ந்து ஏறி 1,478 மீட்டர் உயரத்தை எட்டும் நந்தி மலைக்கு அடிக்கடி செல்பவர் மட்டுமே இதைவிட இலகுவான கியரைக் கருதலாம்.

செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும் கருவி டிரெய்லர் எனப்படும். அதைச் சட்டத்தோடு இணைக்கும் சிறு உலோகத் துண்டு ஹேங்கர். சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழும்போது சட்டம் வளையாமல் இத்துண்டு வளையும்படி மென்மையாகச் செய்யப்பட்டுள்ளது. இதன் வடிவம் மாடலுக்கு மாடல் மாறுபடுவதால், சைக்கிள் வாங்கும் நாளிலேயே உபரி ஹேங்கர் ஒன்றையும் வாங்கி வைப்பது தேவை. 1949இல் சென்னையில் நிறுவப்பட்ட டிஐ சைக்கிள்ஸ் போன்ற நிறுவனங்களின் பழைய வகைச் சைக்கிளுக்கான உதிரிப்பாகம் எந்தத் தெருக்கடையிலும் கிடைக்கும்; கியர் சைக்கிளுக்கு அந்த வசதி இல்லை.

4. டயர், டியூப், வால்வு

டயரின் பக்கவாட்டில் 37-622 என்பதுபோல் அச்சிடப்பட்டிருக்கும் எண்களில், முதலாவது டயரின் அகலத்தையும் இரண்டாவது ரிம்மில் டயர் அமரும் விட்டத்தையும் மில்லிமீட்டரில் குறிக்கின்றன. கறுப்புச் சைக்கிளின் 28 அங்குல டயருக்கு இரண்டாம் எண் 635. ஹைபிரிட்டுக்கும் ரோடு சைக்கிளுக்கும் 622. பழைய மலைப்பாதைச் சைக்கிளுக்கு 559. அங்குலக் கணக்கு ஏமாற்றக்கூடும் என்பதால் இவ்வெண்ணைச் சொல்லியே டயர் வாங்குதல் வேண்டும். பள்ளமும், வேகத்தடையும், தோண்டி மூடிய தடங்களும் நிறைந்த தெருக்களுக்கு 35 முதல் 40 மில்லிமீட்டர் அகலம் பொருந்தும். நடுத்தர எடையுள்ளவருக்கு இந்த அகலத்தில் 50 முதல் 60 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும். பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர அங்குலத்தின்மீது இத்தனை பவுண்டு அழுத்தம் என்பதைக் காட்டும் அளவு.

வால்வுகள் மூவகை. பழைய சைக்கிளின் வால்வு உள்ளே சிறு ரப்பர்க் குழாயைக் கொண்டது. அக்குழாய் இற்றுப்போனால் பஞ்சர் இல்லாமலேயே காற்று இறங்கும். ஸ்ரேடர் எனப்படுவது ஸ்கூட்டரிலும் காரிலும் உள்ள தடித்த வகை. பிரெஸ்டா என்பது நுனியில் திருகுள்ள மெல்லிய வகை. பஞ்சர் கடைகள் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளுக்கானவை என்பதால், அன்றாடப் பயன்பாட்டிற்கு ஸ்ரேடர் வகையே வசதியானது. பிரெஸ்டா உள்ளவர் அதன்மேல் திருகும் சிறு பித்தளை அடாப்டரை வைத்துக்கொள்ளலாம். பெட்ரோல் பங்க் காற்று இயந்திரம் பெரிய டயருக்கானது; சிறிய டியூபை அது நொடிகளில் நிரப்பிவிடுவதால் வெடிக்கும் வாய்ப்பு உண்டு. அழுத்தமானி பொருத்திய நின்றடிக்கும் பம்ப் ஒன்று வீட்டிலிருந்தால் வாரமொரு முறை காற்றடிப்பதே பல பஞ்சர்களைத் தவிர்க்கும்.

பஞ்சர் ஒட்டும்போது டியூபை மட்டும் பார்த்து நிறுத்துவது பொதுவான குறைபாடு. டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றிலும் தடவினால் மறைந்திருக்கும் முள்ளோ கம்பியோ துணியில் மாட்டும். அதை எடுக்காமல் டியூபை மாற்றினால் அதே இடத்தில் மீண்டும் ஓட்டை விழும்.

5. செயினும் வீட்டு எண்ணெய்களும்

வீட்டில் கைக்கு எட்டும் எண்ணெய் எல்லாம் செயினுக்கு ஏற்றதன்று. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும். மார்கழி, தை மாத இரவுகளில் பெங்களூரின் வெப்பநிலை 15 பாகை அளவுக்கு இறங்குவதால் அது செயினில் கட்டியாகித் தூசியைப் பிடித்துவைக்கும். தையல் இயந்திர எண்ணெய் மெல்லியது. உள்ளே நன்கு ஊடுருவினாலும் ஒரு மழையில் கழுவப்பட்டுவிடும். பயன்படுத்திய எஞ்சின் எண்ணெயில் நுண்ணிய உலோகத் துகள்கள் இருப்பதால் அது தேய்மானத்தை மிகுதியாக்கும். செயினுக்கெனத் தயாரிக்கப்பட்ட எண்ணெயை ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு துளி வீதம் விட்டு, சில நிமிடங்கள் பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, பின்னர் வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்தல் வேண்டும். எண்ணெய் வேலை செய்வது இணைப்பின் உட்புறத்தில் என்பதால், வெளியே மினுங்கும் எண்ணெய் புழுதிக்கே உதவும்.

மண்ணெண்ணெயோ டீசலோ கொண்டு கழுவுவதாயின், அடுப்பிலிருந்து விலகிய திறந்தவெளியில் மட்டுமே செய்தல் வேண்டும். கழுவிய கழிவை வடிகாலில் கொட்டலாகாது. இப்பகுதி வாய்க்கால்கள் சேரும் பெள்ளந்தூர் ஏரி, 2017இலும் 2018இலும் தீப்பற்றி எரியும் அளவுக்கு மாசடைந்தது. கழிவை ஒரு பாட்டிலில் தேக்கி வைத்தால் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மீண்டும் பயன்படுத்தலாம். எண்ணெய்த் துணிக்குத் தனி டப்பா வைப்பதும், தரையில் பழைய செய்தித்தாள் விரிப்பதும் வீட்டாரின் பொறுமையைக் காக்கும் வழிகளாகும்.

செயினின் தேய்மானத்தை வீட்டிலேயே அளக்கலாம். புதிய செயினில் ஓர் ஊசியின் நடுவிலிருந்து 24 ஊசிகள் தள்ளி அளந்தால் சரியாக 12 அங்குலம், அஃதாவது 304.8 மில்லிமீட்டர் இருக்கும். இது 1.5 மில்லிமீட்டர் அளவுக்கு நீண்டால் செயினை மாற்றுதல் வேண்டும். 3 மில்லிமீட்டருக்கு விட்டுவிட்டால் பல்சக்கரங்களும் அதற்கேற்பத் தேய்ந்து, புதிய செயின் அவற்றில் வழுக்கும். பள்ளி அளவுகோல் 30 சென்டிமீட்டரோடு முடிவதாலும், தையல் டேப்பு இழுபடுவதாலும், எஃகு டேப்பே இதற்கு உகந்தது.

6. சுமை

ஜான்சன் மார்க்கெட்டிலோ மடிவாளாவிலோ பொருள் வாங்கி வர சைக்கிள் நன்கு உதவும்; ஆனால், கேரியரின் தாங்குதிறன் அதன்மேலேயே பெரும்பாலும் 25 கிலோ என அச்சிடப்பட்டிருக்கும். 20 லிட்டர் தண்ணீர்க் கேன் அந்த எல்லைக்குள் அடங்குகிறது, 25 கிலோ அரிசி மூட்டை எல்லையைத் தொடுகிறது, 14.2 கிலோ எரிவாயு கொண்ட வீட்டு சிலிண்டர் இரும்பின் எடையையும் சேர்த்து 30 கிலோவை நெருங்குவதால் அதை ஏற்றலாகாது. சுமையைக் கேரியரின்மேல் உயரமாகக் கட்டுவதைவிட இருபுறமும் தொங்கும் பைகளில் தாழ்வாகப் பிரித்து வைத்தால் திருப்பத்தில் தடுமாற்றம் குறையும். ஹேண்டிலில் பையைத் தொங்கவிடுவது, பை சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கக்கூடும் என்பதால், சிறு சுமைக்கும் தவிர்க்கத் தக்கது.

7. மழை, இருள், பூட்டு

பெங்களூரில் மே மாத இடிமழையில் தொடங்கி அக்டோபர் வரை மழை நீள்கிறது. செப்டம்பரும் அக்டோபரும் மிகுமழை மாதங்கள். முழு நீள மட்கார்டு அழகைக் குறைப்பதாகக் கருதிக் கழற்றிவிடுவோர் உண்டு. சேற்றை உடையிலும் செயினிலும் தெறிக்கவிடாமல் தடுப்பது அதுவே என்பதால், அதன் பயன் துணி துவைப்பவருக்கே முதலில் தெரியும். தேங்கிய நீரில் சக்கரத்தின் அச்சு மூழ்கும் அளவுக்குச் செல்வது பேரிங்கின் கிரீசைக் கழுவிவிடும்.

விளக்கு முன்னால் வெள்ளையாகவும் பின்னால் சிவப்பாகவும் அமைதல் வேண்டும். பிறர் விளக்கின் ஒளியைத் திருப்பி அனுப்பும் எதிரொளிப்பான்களுக்கு ஒன்றிய அரசு 2020இல் தரக்கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. மின்கலம் தீர்ந்த வேளையிலும் அவை வேலை செய்யும். ஹெல்மெட் வாங்கும்போது இஎன் 1078 போன்ற தரக்குறியீட்டைப் பார்த்தல் வேண்டும். ஒருமுறை பலமாக மோதிய ஹெல்மெட்டின் நுரைப்பகுதி நசுங்கியிருக்கும் என்பதால், வெளியே விரிசல் தெரியாவிடினும் அதை மாற்றிவிடுவதே முறை. பூட்டு, சக்கரத்தை மட்டும் பிணைக்காமல், சட்டத்தை அசையாத கம்பியோடு பிணைத்தல் வேண்டும். தரைத்தளத்தில் வெளிக்கதவு பூட்டப்பட்டிருந்தாலும் இவ்விதி பொருந்தும்.

8. நேரமும் செலவும்

நெடுந்தூர ஓட்டத்தில் நாட்டம் கொண்டவர் குடும்பத்தின் நாட்காட்டியோடு அதை ஒப்பிட்டுத் திட்டமிடுவது நல்லது. பிரெவே எனப்படும் நேர வரம்புடைய ஓட்டங்களில் 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடமும், 300 கிலோமீட்டருக்கு 20 மணியும் வரம்பாகும். அஃதாவது மிகச் சிறிய பிரெவேயே ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாக எடுத்துக்கொள்ளும். 2008இல் தொடங்கிய நீலகிரிச் சைக்கிள் பயணம் போன்ற பலநாள் நிகழ்வுகளுக்கு ஆண்டு விடுப்பின் ஒரு பகுதியே செலவாகும். மற்ற ஞாயிறுகளில், வாகனங்கள் விடப்படாத கப்பன் பூங்காவுக்குக் குழந்தைகளோடு செல்வது, ஒருவரின் பழக்கத்தை வீட்டின் பழக்கமாக்க உதவும்.

செலவில் கவனம் பெறாத இனம் உடை. நீண்ட ஓட்டத்திற்கு அணியும் பேட் வைத்த கால்சட்டையை ஒவ்வொரு முறையும் துவைத்தே அணிதல் வேண்டும். தடித்த பேட் மழைக்காலத்தில் ஒரு நாளில் உலராது என்பதால் இரண்டு வைத்திருப்பது நலம். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரிப்பாகங்களுக்கும் உரிய சரக்கு மற்றும் சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுள்ளது. சைக்கிளின் விலையோடு பம்ப், பூட்டு, விளக்கு, ஹெல்மெட், மட்கார்டு, உபரி டியூப், ஹேங்கர் ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்து, அந்த மொத்தத் தொகைக்குள் அடங்கும் சைக்கிளைத் தேர்ந்தால் முதல் மாதத்திலேயே கூடுதல் செலவு எழாது.

9. பராமரிப்பு அட்டவணை

வாரந்தோறும்: காற்றழுத்தம் பார்த்தல், பிரேக்கை அழுத்திச் சோதித்தல், செயினைத் துடைத்தல்.

மாதந்தோறும்: செயினுக்கு எண்ணெய் விடுதல் (மழைக்காலத்தில் நனைந்த ஒவ்வொரு முறையும்), பிரேக் கட்டையின் தடிமன் பார்த்தல், கேரியர், மட்கார்டு திருகுகளை இறுக்குதல், டயரில் பதிந்த கண்ணாடித் துண்டுகளை நீக்குதல்.

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை: செயினின் நீளத்தை அளத்தல், சக்கரத்தைச் சுழற்றிக் கோணல் உள்ளதா எனப் பார்த்து, இருப்பின் கடையில் பெண்டு எடுத்தல்.

ஆண்டுக்கு ஒருமுறை, மழை ஓய்ந்த நவம்பர் அல்லது டிசம்பரில்: பேரிங்குகளைப் பிரித்துக் கிரீஸ் மாற்றுதல், பிரேக், கியர் கேபிள்களைப் புதுப்பித்தல்.

இவ்வேலைகளில் ஆண்டுப் பணி தவிர மற்றவை பெரும்பாலும் வீட்டிலேயே முடிபவை. இவற்றுக்கு வேண்டிய கருவிகளை ஒரே பெட்டியில் சைக்கிளின் அருகிலேயே வைத்து, வேலை செய்யும் நாளையும் நேரத்தையும் வீட்டாரோடு முன்கூட்டிப் பேசிக்கொண்டால், பராமரிப்பு தள்ளிப்போகாது.